எடையேற்றமும் தொடக்கநிலையாளரும்: பார்பெல் பயிற்சியில் படிமுறைக் கோட்பாட்டின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பளுவைத் தூக்கி வலிமை பெறும் பயிற்சியில் தொடக்கநிலையாளர் எந்த எடையில் தொடங்க வேண்டும், எப்போது எடையைக் கூட்ட வேண்டும், எவ்வளவு கூட்ட வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கான விடைகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இன்றுவரை எவ்வாறு உருவாகி வந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. படிமுறையாக எடையேற்றும் கருத்து தொன்மையானது எனினும், அதனை நடைமுறையாக்கியது எடையை மாற்றத்தக்க கருவியே என்பதும், அதற்கு மருத்துவத்துறையின் ஏற்பினைப் பெற்றுத் தந்தது இரண்டாம் உலகப்போர்க்கால மருத்துவமனையே என்பதும் இதன் கருதுகோள்களாகும். தொடக்கநிலையாளரின் பாதுகாப்பு பற்றிய இன்றைய வழிகாட்டுதல்கள் இவ்வரலாற்றின் விளைவாக அமைவதும் இங்குச் சுட்டப்பெறுகின்றது.

திறவுச்சொற்கள்: பார்பெல், படிமுறை எடையேற்றம், இளவட்டக்கல், மைலோ, கால்வெர்ட், டிலோர்ம், தொடக்கநிலையாளர்

முன்னுரை

உடற்பயிற்சி வரலாறு தமிழில் பெரிதும் விளையாட்டு வரலாறாகவோ வீரர் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. சிலம்பம், மற்போர், ஏறுதழுவல் ஆகியன குறித்துக் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் உள்ளன. ஆனால், ஓர் எளிய மனிதர் முதன்முறையாக ஓர் இரும்புத் தண்டின் முன் நிற்கும்போது அவருக்கு என்ன சொல்லித் தரப்பட்டது, அது ஏன் அவ்வாறு சொல்லித் தரப்பட்டது என்னும் பயிற்றுமுறை வரலாறு போதிய கவனம் பெறவில்லை. வென்றவரின் வரலாற்றில் எடையின் அளவே முதன்மை பெறும். தொடங்குபவரின் வரலாற்றிலோ ஓர் எடைக்கும் அடுத்த எடைக்கும் இடையிலுள்ள தொலைவே முதன்மை பெறும். இக்கட்டுரை இரண்டாவதையே பொருளாகக் கொள்கின்றது. பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிகழ்ந்த இவ்வரலாறு தமிழ்ச் சூழலோடு மெய்யாகத் தொடர்புறும் இடங்கள் மட்டும் ஈண்டுக் குறிக்கப்பெறும்.

மாறாத எடையும் வளரும் எடையும்

தென்தமிழகச் சிற்றூர்களில் இன்றும் காணக்கிடைக்கும் இளவட்டக்கல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். உருண்டையாகச் செதுக்கப்பட்ட அக்கல்லைக் குனிந்து அணைத்தெடுத்து, முழங்கால்மேல் ஏற்றி, நெஞ்சுக்கு உயர்த்தி, தோளுக்குப் பின்னே போடுதல் இளைஞனின் ஆற்றலுக்கான அளவுகோலாக இருந்தது. பொங்கல் விழாவையொட்டி இப்போட்டி நடைபெறும் ஊர்கள் இன்றும் உள. இக்கல்லின் இயல்பு அதன் எடை மாறாதது என்பதே. ஒரே ஊரில் வெவ்வேறு எடைகொண்ட சில கற்கள் இருப்பதும் உண்டு. எனினும், ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடைப்பட்ட எடையை உண்டாக்க வழியில்லை. எனவே, இளவட்டக்கல் ஒரு தேர்வுக் கருவியே அன்றிப் பயிற்சிக் கருவி அன்று. தூக்க முடிந்தவன் தூக்கினான். முடியாதவன் வயல் வேலையிலும் மூட்டை சுமப்பதிலும் வலுவேறி மறு ஆண்டு வந்தான். கல்லுக்கு முன்னுள்ள படிகளைக் கல் தரவில்லை, வாழ்க்கைதான் தந்தது.

இதற்கு நேர்மாறான படிமம் கிரேக்க மரபில் உள்ளது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குரோட்டன் நகர மைலோ, ஒலிம்பியாவில் மற்போரில் ஆறு முறை வாகை சூடியவன். அவன் ஒரு கன்றை நாள்தோறும் சுமந்து பழகி, அது காளையாக வளர்ந்தபோதும் அதனைச் சுமந்தான் என்பது கதை. இதனைக் குறிப்பிடும் குவிண்டிலியன் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய நாவன்மை ஆசிரியர். அவர் அதனைச் சொற்பயிற்சிக்கு உவமையாகவே கையாளுகின்றார். அதாவது, மைலோவுக்கும் இக்குறிப்புக்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் உள்ளன. இன்றைய உடற்பயிற்சி நூல்கள் பலவும் இக்கதையை வரலாற்றுச் சான்றுபோல எடுத்தாள்வது ஏற்புடையதன்று. ஆயினும், சுமை சிறிது சிறிதாக வளர்ந்தால் சுமப்பவனும் வளர்வான் என்னும் எண்ணம் அன்றே மக்கள் மனத்தில் இருந்ததற்கு இக்கதை சான்றாகும்.

இக்கதை மறைத்துவிடும் ஒன்றும் உண்டு. கன்று வளரும் வேகத்தைக் கன்றே தீர்மானிக்கின்றது. சுமப்பவனின் உடல்நிலையைக் கேட்டு அது வளர்வதில்லை. ஒரு நாள் நோயுற்றால் மறுநாள் கன்றின் எடையைக் குறைக்க இயலாது. தொடக்கநிலையாளர்க்கான பயிற்றுமுறையின் வரலாறு, வளர்ச்சியின் வேகத்தைக் கன்றிடமிருந்து பறித்து மனிதன் கையில் ஒப்படைத்த வரலாறு எனலாம்.

இரு வகை அச்சங்கள்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பளுப்பயிற்சி பற்றிய விவாதம் பாஸ்டன் நகரில் இருவரை மையமிட்டு எழுந்தது. ஒருவர் ஜார்ஜ் பார்க்கர் வின்ட்ஷிப். ஹார்வர்டில் பயின்ற மருத்துவரான இவர் மாணவப் பருவத்தில் சிறிய உடலினர். வலிமை பெறும் வேட்கையால் பெருஞ்சுமைகளைச் சில அங்குல உயரத்துக்கு மட்டும் தூக்கும் ‘நலத்தூக்கு’ முறையை உருவாக்கிப் பரப்பினார். தோளில் பூட்டிய வார்களின் துணையுடன் இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் அவர் தூக்கியதாகப் பதிவுகள் உள்ளன. எடையைச் சிறுசிறு வேறுபாடுகளில் மாற்றத்தக்க டம்பெல் ஒன்றுக்கு 1865இல் அவர் காப்புரிமை பெற்றமை இக்கட்டுரைக்கு மிக முக்கியமான செய்தியாகும். படிப்படியாக ஏற்றுவதற்குக் கருவி தேவை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மற்றவர் டையோ லூயிஸ். இரும்பு டம்பெல்லை விலக்கி மரத்தாலான இலேசான டம்பெல்லைக் கொண்டு விரைவாகவும் இசைவாகவும் செய்யும் பயிற்சிகளை இவர் வலியுறுத்தினார். 1862இல் வெளிவந்த இவருடைய நூல் ஆடவர், பெண்டிர், சிறார் ஆகிய மூவர்க்கும் உரியதாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. பெருஞ்சுமை உடலை விறைப்பாக்கும், வேகத்தைக் குறைக்கும் என்பது லூயிஸின் நிலைப்பாடு.

வின்ட்ஷிப் 1876இல் தம் 42ஆம் வயதில் பக்கவாதத்தால் இறந்தார். அவ்விறப்பு ஒரு வாதமாகவே ஆக்கப்பட்டது. பெருஞ்சுமை தூக்குவோர் இளமையில் மடிவர் என்பதற்கு அவரே எடுத்துக்காட்டானார். ஒரு தனிமனிதரின் இறப்பிலிருந்து ஒரு பயிற்சிமுறை முழுவதையும் மறுப்பது அளவை நெறிக்கு ஒவ்வாதது. எனினும் நலத்தூக்கின் செல்வாக்கு அதன்பின் சரிந்தது. இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது, விவாதம் முழுவதும் ‘பெருஞ்சுமையா, இலேசான சுமையா’ என்று அமைந்ததேயாகும். யாருக்குப் பெருஞ்சுமை, எத்தனை நாள் பழகிய பின் பெருஞ்சுமை என்று வினவியோர் அரியர். 40 கிலோ ஒருவர்க்கு மலை, மற்றொருவர்க்கு விளையாட்டு. சுமை என்பது சார்புடையது என்னும் எளிய உண்மை கோட்பாடாக வடிவம் பெற இன்னும் எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இடைப்பட்ட காலத்தில் இலேசான டம்பெல் கட்சியே வணிகத்தில் வென்றது. பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ மேடையில் மிகப்பெரிய எடைகளைத் தூக்கிப் புகழ்பெற்றார். ஆனால் பொதுமக்களுக்கு அவர் விற்றதோ இலேசான டம்பெல்களும் சுருள்வில் பொருத்திய டம்பெல்களும் அஞ்சல்வழிப் பாடங்களுமே. அவருடைய இந்தியச் சுற்றுப்பயணம் 1905ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது. அவர் பெயர் வலிமையாளர்க்கான பட்டமாகவே இங்கு நிலைத்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் ‘சாண்டோ’ என்னும் அடையுடனேயே இன்றும் அறியப்படுகின்றார். அஞ்சல்வழி டம்பெல் பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் சில வாரங்களில் அது உடலுக்குப் பழகிவிடும். அதன்பின் எத்தனை முறை செய்தாலும் களைப்புத்தாங்கும் திறன் வளருமேயன்றி வலிமை அவ்வளவாக வளராது. பாதுகாப்பு என்னும் பெயரில் வளர்ச்சியே நிறுத்தப்பட்டதை இம்முறையின் குறையாகக் கருத வேண்டியுள்ளது.

கால்வெர்ட்டின் தட்டுகள்

இத்தேக்கத்தை உடைத்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆலன் கால்வெர்ட். 1902இல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு மைலோவின் பெயரையே சூட்டினார். அதுவரை பார்பெல் என்பது பெரும்பாலும் மேடைக் கலைஞர்க்கென வார்க்கப்பட்ட, இருபுறமும் குண்டுகள் கொண்ட கருவி. சில குண்டுகள் உள்ளீடற்றவையாக இருந்தன; அவற்றுள் ஈயச் சிறுகுண்டுகளையோ மணலையோ நிரப்பி எடையைக் கூட்டலாம். கால்வெர்ட் எடை மாற்றத்தக்க பார்பெல்லை இல்லத்தில் பயிலும் எளிய மனிதர் வாங்கும் பொருளாக்கினார். காலப்போக்கில் தட்டுகளைச் செருகிக் கழற்றும் வடிவம் வழக்கில் நிலைபெற்றது. அதனுடன் பயிற்சிக் குறிப்புகளையும் அவர் வழங்கினார். 1914இல் அவர் தொடங்கிய இதழும் இதே பணியைத் தொடர்ந்தது.

கால்வெர்ட் பரப்பிய ஒழுங்கு பின்னாளில் ‘இரட்டைப் படிமுறை’ எனப் பெயர் பெற்றது. அதன் சாரம் வருமாறு: ஐந்து முறை தூக்கத்தக்க எடையில் ஒருவர் தொடங்குகின்றார். எடையை மாற்றாமல், சில பயிற்சி நாள்களுக்கு ஒருமுறை என, எண்ணிக்கையை ஒவ்வொன்றாகப் பத்து வரை உயர்த்துகின்றார். பத்து எய்தியபின் சிறிதளவு எடையைக் கூட்டி மீண்டும் ஐந்திலிருந்து தொடங்குகின்றார். எண்ணிக்கை முதலில், எடை பின்னர் என இரு ஏணிகள் மாறி மாறி அமைவதால் இஃது இரட்டைப் படிமுறை.

இதன் நுட்பம் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. எடையைக் கூட்டலாமா என்னும் முடிவைத் தொடக்கநிலையாளரின் ஆர்வத்திடமிருந்து இம்முறை எடுத்துவிடுகின்றது. புதிதாகத் தொடங்கியவர்க்கு இரு வாரங்களில் ஊக்கம் பெருகும். தசைநாண்களும் மூட்டிணைப்புத் திசுக்களும் அவ்வளவு விரைவில் தகவமைவதில்லை. தசையைக் காட்டிலும் அவை மெதுவாக மாறுவன என்பது பிற்கால ஆய்வுகள் காட்டிய உண்மை. ஐந்திலிருந்து பத்துக்கு ஏறும் வாரங்கள் அத்திசுக்களுக்குக் கிடைக்கும் காலஅவகாசமாக அமைகின்றன. கால்வெர்ட் இக்காரணத்தை அறிந்து சொன்னார் என்பதற்கில்லை. ஆயினும், பட்டறிவால் கண்ட ஒழுங்கு உடலியலோடு பொருந்தி நிற்கின்றது.

கருவியின் வளர்ச்சியும் உடன் நிகழ்ந்தது. செர்மானியரான காஸ்பர் பெர்க் உருவாக்கிய, இருபுறமும் சுழலும் முனைகளைக் கொண்ட தண்டு 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. தண்டு கையில் சுழலாமல் தட்டுகள் மட்டும் சுழல்வதால் மணிக்கட்டின் மேல் விழும் திருகுவிசை குறைந்தது. 1921இல் அமெரிக்கா வந்த செர்மானிய வலிமையாளர் ஹென்றி ஸ்டைன்போர்ன், நிலத்தில் செங்குத்தாக நிறுத்திய பார்பெல்லைத் தோளின்மேல் சாய்த்து ஏற்றிக்கொண்டு குந்தி எழுந்து காட்டினார். வியக்கத்தக்க திறன்; ஆனால் தொடக்கநிலையாளர்க்கு உகந்ததன்று. பார்பெல்லைத் தோளுயரத்தில் ஏந்தி நிற்கும் தாங்கிகளும், தவறவிட்டால் பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பிகளும் பரவலான பின்னரே ‘ஸ்குவாட்’ பயிற்சி எல்லோர்க்கும் உரியதாயிற்று.

மருத்துவமனைக்குள் பார்பெல்

படிமுறை எடையேற்றம் அறிவியலின் ஏற்பைப் பெற்ற இடம் சிகாகோ நகரின் கார்டினர் பொதுமருத்துவமனை. 1944–45இல் இராணுவ மருத்துவமனைகள் காயமுற்ற வீரர்களால் நிரம்பி வழிந்தன. முழங்கால் காயத்துக்கு அறுவை செய்யப்பட்டோர் பல மாதங்கள் படுக்கையிலிருந்தனர். தொடைத்தசை மெலிந்து, காயம் ஆறிய பின்னும் நடக்க இயலாதிருந்தனர். அன்றைய மருத்துவ வழக்கு, இலேசான எடையைக் கொண்டு மிகப்பல முறை காலை அசைக்கச் செய்வதாகும். நோயாளிக்குப் பெருஞ்சுமை தருவது தீங்கு என்பதே பொதுக் கருத்து. டையோ லூயிஸின் குரல் எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மருத்துவமனையில் ஒலித்தது எனலாம்.

அங்குப் பணியாற்றிய இளம் மருத்துவர் தாமஸ் டிலோர்ம் அவ்வழக்கை மாற்றினார். இளமையில் வாதக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டு, கடும் உழைப்பைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டவர் அவர். அதன்பின் பளுப்பயிற்சியால் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர். இலேசான எடையும் மிகுந்த எண்ணிக்கையும் தாங்குதிறனை வளர்க்கும். மிகுந்த எடையும் குறைந்த எண்ணிக்கையும் வலிமையை வளர்க்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பது அவர் கொண்ட அடிப்படை. மெலிந்த தசைக்கு முதலில் தேவை வலிமையே என அவர் வாதிட்டார். காலில் பூட்டத்தக்க இரும்புக் காலணியில் தட்டுகளைச் சேர்த்து முழங்காலை நீட்டச் செய்தார். இதன் விளைவுகளை 1945இல் எலும்பு, மூட்டு அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார்.

டிலோர்மின் மிகப்பெரிய கொடை எடையன்று, அளவீடு. ஒருவர் சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க இயலும் மிகுதியான எடையை அவர் அலகாகக் கொண்டார். இதனால் ‘பெருஞ்சுமை’ என்பது முதன்முறையாகச் சுமப்பவரை வைத்து வரையறுக்கப்பட்டது. அறுவைக்குப் பின் ஐந்து கிலோவைப் பத்து முறை மட்டும் தூக்க இயலும் நோயாளிக்கு ஐந்து கிலோவே பெருஞ்சுமை. வாரந்தோறும் அந்த அலகு மீண்டும் அளக்கப்பட்டது. அளவு உயர்ந்தால் சுமையும் உயர்ந்தது. வின்ட்ஷிப்புக்கும் லூயிஸுக்கும் இடையிலான வழக்கு இவ்வரையறையால் பொருளற்றுப் போயிற்று.

தொடக்கத்தில் அவர் ஏழு முதல் பத்துச் சுற்றுகள், சுற்றுக்குப் பத்து முறை எனப் பரிந்துரைத்தார். ஆர்தர் வாட்கின்ஸுடன் இணைந்து 1948இல் எழுதிய கட்டுரையில் அதனை மூன்று சுற்றுகளாகச் சுருக்கினார்: முதற்சுற்று அலகின் பாதி, இரண்டாம் சுற்று முக்கால், மூன்றாம் சுற்று முழுமை. அலகு 40 கிலோ எனின் 20, 30, 40 என்று அமையும். மிகுதியாகச் செய்வதே நன்று என்று தொடங்கிய ஒருவர் தம் நோயாளிகளைக் கண்டு குறைவே போதும் என்று தாமே திருத்திக்கொண்டமை அறிவியல் நேர்மைக்கு நல்ல சான்று. பெயரும் மாறியது. ‘பெருஞ்சுமைப் பயிற்சி’ என்ற தொடர் ‘படிமுறைச் சுமைப் பயிற்சி’ ஆயிற்று. 1951இல் இருவரும் எழுதிய நூல் அத்தலைப்பையே தாங்கியது. அச்சமூட்டும் சொல்லை நீக்கி, செயல்முறையைச் சுட்டும் சொல்லைத் தலைப்பாக்கியது சொல்லாட்சி வரலாற்றிலும் குறிக்கத்தக்கது.

அதே 1951இல் சினோவியெஃப் என்பார் இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். ஆக்ஸ்போர்டு முறை எனப்படும் அதில் முழு எடையில் தொடங்கி, களைப்பு மிக மிக எடை குறைக்கப்பட்டது. எனினும், தொடக்கநிலையாளர்க்கு டிலோர்மின் வரிசையே நிலைத்தது. காரணம் எளிது: பாதி எடையில் செய்யும் முதற்சுற்று உடலைச் சூடேற்றுவதோடு, அசைவின் ஒழுங்கையும் நினைவூட்டுகின்றது. இன்று உடற்பயிற்சிக்கூடங்களில் ‘வார்ம்அப் செட்’ எனப்படுவது இதன் வழித்தோன்றலே.

ஐயம், ஆய்வு, மிகைத்திருத்தம்

மருத்துவமனை ஏற்றுக்கொண்டதை உடற்கல்விக் கல்லூரிகள் உடனே ஏற்கவில்லை. பளு தூக்குவோர்க்குத் தசை இறுகி, அசைவு குன்றி, வேகம் கெடும் என்னும் ‘தசைக்கட்டு’க் கருத்து அங்கு ஊன்றியிருந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி இவ்வெதிர்ப்பின் முதன்மையான களங்களுள் ஒன்று. இப்பெயர் சென்னைக்கு அயலானதன்று. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் அங்குப் பயின்றவர். 1940இல் பாப் ஹாஃப்மன், ஜான் கிரிமெக், ஜான் டேவிஸ் ஆகியோர் ஸ்பிரிங்ஃபீல்டில் செய்முறை விளக்கம் அளித்தனர். பேராசிரியர் பீட்டர் கார்ப்போவிச் கிரிமெக்கிடம் தம் முதுகின் நடுப்பகுதியைச் சொறிந்துகாட்டுமாறு கேட்டார்; தசைக்கட்டு உண்மையெனில் அது இயலாது. கிரிமெக் எளிதாகச் செய்துகாட்டினார். கார்ப்போவிச் அத்துடன் நிற்கவில்லை. சோர்பஸுடன் இணைந்து 1951இல் வெளியிட்ட ஆய்வில், பளு தூக்குவோர் 300 பேர், தூக்காதோர் 300 பேர் ஆகியோரின் கைச்சுழற்சி வேகத்தை ஒப்பிட்டார். தூக்குவோரே விரைவாகச் செயற்பட்டனர். தம் கருத்துக்கு எதிரான முடிவை வெளிப்படையாக ஏற்ற அவர் அதன்பின் பளுப்பயிற்சியின் ஆதரவாளரானார்.

எதிர்த்திசையில் ஒரு நிகழ்வும் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் 1961இல், முழுதாகக் குந்தி எழுவது முழங்கால் இணைப்புத் திசுக்களைத் தளரச் செய்யும் என அறிவித்தார். பொது இதழ்கள் இதனைப் பரப்பின. பள்ளிகளிலும் இராணுவப் பயிற்சியிலும் ஆழ்ந்த குந்துகை விலக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும், ‘தொடை தரைக்கு இணையாகும் முன்பே எழுந்துவிடு’ என்னும் அறிவுரை இன்றும் பயிற்றுநர் வாயில் வாழ்கின்றது. இதில் தீங்கு யாதெனின், குந்தும் ஆழம் குறையக் குறைய ஒருவர் ஏற்றும் எடை கூடும். பாதுகாப்புக்கெனச் சொல்லப்பட்ட அறிவுரையே தொடக்கநிலையாளரின் முதுகின்மேல் தேவைக்கு மிஞ்சிய சுமையை வைக்கின்றது. தோப்புக்கரணமும் பஸ்கியும் பழகிய, தரையில் அமர்ந்துண்ட ஒரு சமூகத்தில் ஆழக் குந்துவதற்கு அஞ்சுமாறு கற்பிக்கப்படுவது விந்தையே.

எத்தனை சுற்று, எத்தனை முறை என்னும் வினாவை ரிச்சர்ட் பெர்கர் 1962இல் முறையாக ஆராய்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று சுற்றுகளையும் இரண்டு, ஆறு, பத்து முறைகளையும் இணைத்து ஒன்பது குழுக்களாகக் கல்லூரி மாணவர்களைப் பிரித்து, 12 வாரங்கள் பெஞ்ச் பிரஸ் பயிற்சி அளித்தார். மூன்று சுற்று, ஆறு முறை என்னும் சேர்க்கை மிகுந்த வளர்ச்சியைத் தந்தது. இரண்டு முறை மட்டுமே தூக்கத்தக்க கடும் எடை தொடக்கநிலையாளர்க்குத் தேவையில்லை என்பதே இதிலிருந்து நாம் பெறும் பயன்.

தொடக்கநிலையாளர் என்பவர் யார்?

இங்ஙனம் எடை அளக்கப்பட்டது, எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. ‘தொடக்கநிலையாளர்’ என்னும் சொல்லுக்கு மட்டும் நெடுங்காலம் வரையறை இல்லை. பயிற்சியில் சேர்ந்து எத்தனை மாதம் என்பதே அளவாகக் கொள்ளப்பட்டது.

மோரிடானியும் டிவ்ரீஸும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒளி பாய்ச்சியது. முதற்சில வாரங்களில் வலிமை விரைந்து கூடுவதற்குத் தசை பருப்பதைவிட நரம்பு மண்டலத்தின் கற்றலே முதன்மையான காரணம் என அது காட்டியது. உடல் முதலில், உள்ள தசையை முழுதாக ஏவக் கற்கின்றது. தசை வளர்வது பின்னர். எனவே தொடக்கநிலையாளரின் முதன்மைப் பணி தூக்குவதன்று, கற்பது. தவறான அசைவைக் கடும் எடையுடன் பயில்வது தவறையே பதியவைப்பதாகும். வெறுந்தண்டுடன் தொடங்குமாறு கூறும் அறிவுரைக்கு இவ்வாய்வே தக்க அடிப்படை.

சுமை, ஓய்வு, தகவமைவு என்னும் சுழற்சியை விளக்கப் பயிற்றுநர் பலர் ஹான்ஸ் செல்யேயின் 1936ஆம் ஆண்டுக் கருத்தை எடுத்தாள்கின்றனர். செல்யே எலிகளைத் தீங்கான தூண்டல்களுக்கு உட்படுத்திக் கண்டது அது; பார்பெல்லுக்கு அதனை நேராகப் பொருத்துவது உவமையளவில் ஏற்கத்தக்கதேயன்றிச் சான்றளவில் அன்று. சோவியத் அறிஞர் மத்வேயெவ் வகுத்த பருவமுறைத் திட்டங்கள் தேர்ந்த வீரர்க்குரியன. தொடக்கநிலையாளர்க்கு அவை பெரிதும் தேவைப்படா.

அமெரிக்கப் பயிற்றுநர் பில் ஸ்டார் 1976இல் எழுதிய நூலில் மூன்று பயிற்சிகளை ஐந்து சுற்று, ஐந்து முறை எனச் சுருக்கி, வாரத்தின் மூன்று நாள்களைக் கடுமை, இலேசு, நடுத்தரம் எனப் பகுத்தார். அவர் வழிவந்த மார்க் ரிப்பட்டோவும் லான் கில்கோரும் 2005, 2006ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் தொடக்கநிலையாளர்க்குப் புதியதொரு வரையறை தந்தனர். ஒரு பயிற்சியின் சுமையிலிருந்து அடுத்த பயிற்சிக்குள் மீண்டு, மீண்டும் எடையைக் கூட்ட இயல்பவர் எவரோ அவரே தொடக்கநிலையாளர். அதற்கு ஒரு வாரம் தேவைப்படுபவர் இடைநிலையாளர். இவ்வரையறையில் காலமோ தூக்கும் எடையோ இல்லை. மீளும் வேகமே அளவுகோல். இதன் சிறப்பு, வளர்ச்சி நிற்பது தோல்வியன்று, நிலைமாற்றம் என்று காட்டியதில் உள்ளது.

வளர்ச்சி ஏன் நின்றே ஆக வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு போதும். 20 கிலோ வெறுந்தண்டில் தொடங்கி, வாரம் மும்முறை, முறைக்கு 2.5 கிலோ கூட்டினால் ஓர் ஆண்டில் 390 கிலோ சேரும். தூக்க வேண்டியது 410 கிலோ ஆகும். உலகில் அதனைச் சுமந்து குந்தி எழக்கூடியோர் மிகச் சிலரே. மைலோவின் கன்று காளையானதும் வளர்வதை நிறுத்திவிட்டது. அதுவே அவன் பேறு. நேர்கோட்டு ஏற்றம் சில மாதங்களுக்கு மட்டுமே உரியது என்பதை உணராமல் எடையைக் கூட்டிக்கொண்டே செல்பவர், முதலில் அசைவின் ஒழுங்கையும் பின்னர் உடல்நலத்தையும் இழக்கின்றார். ஒரே எடையில் இரண்டு மூன்று முறை தடைப்பட்டால் பத்து விழுக்காடு அளவு குறைத்து மீண்டும் ஏறுவது பயிற்றுநரிடையே வழக்கிலுள்ள தீர்வு.

தட்டின் எடை

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2009ஆம் ஆண்டு நிலைப்பாட்டு ஆவணம், குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு முறை கூடுதலாகச் செய்ய இயன்றால் எடையை 2 முதல் 10 விழுக்காடு வரை உயர்த்தலாம் என்கின்றது. கால்வெர்ட்டின் இரட்டைப் படிமுறையும் டிலோர்மின் சார்பளவும் இவ்வொரு தொடரில் இணைந்துள்ளன. ஆனால் இவ்விழுக்காட்டை நடைமுறைப்படுத்துவது கூடத்தில் கிடக்கும் தட்டுகளைப் பொறுத்தது. மிகச்சிறிய தட்டு 2.5 கிலோ என்னும் கூடத்தில் இருபுறமும் ஒவ்வொன்று சேர்த்தால் ஏற்றம் 5 கிலோ. 100 கிலோ தூக்குபவர்க்கு அது 5 விழுக்காடு. 20 கிலோவைத் தலைக்குமேல் உயர்த்தும் ஒரு பெண்ணுக்கோ முதியவர்க்கோ அதுவே 25 விழுக்காடு. பரிந்துரையின் மேல்வரம்பைப் போல இரண்டரை மடங்கு. அவர் தடுமாறினால் குறை அவருடைய உடலில் இருப்பதாகக் கூறப்படும்; உண்மையில் குறை தட்டில் உள்ளது. இளவட்டக்கல்லின் சிக்கல் இரும்பு வடிவில் மீண்டும் தோன்றுகின்றது.

போட்டிக் களம் இதனை முன்னரே உணர்ந்துகொண்டது. பன்னாட்டுப் பளுதூக்கும் கூட்டமைப்பு 2005 முதல் 2.5 கிலோவுக்குப் பதிலாக ஒரு கிலோ ஏற்றத்தை அனுமதித்தது. ஆடவர்க்கு 20 கிலோ, மகளிர்க்கு 15 கிலோ எனத் தண்டுகளும் வேறுபடுகின்றன; அரைக்கிலோத் தட்டுகளும் வழக்கிலுள்ளன. உலக வாகையரே ஒரு கிலோவை எண்ணி ஏறும்போது, முதல் மாதத்தில் நிற்பவர் ஐந்து கிலோ தாண்ட வேண்டும் என்பது பொருந்தாது. அரைக்கிலோத் தட்டு இரண்டு இருந்தால் 20 கிலோவிலிருந்து 21 கிலோவுக்கு ஏறலாம். அஃது 5 விழுக்காடு. அத்தட்டுகள் இல்லாத கூடத்தில் கால்வெர்ட்டின் வழியே எஞ்சுகின்றது: 20 கிலோவை ஐந்து முறை, ஆறு முறை, ஏழு முறை எனப் பத்துவரை உயர்த்தி, அதன்பின் 25 கிலோவை மூன்று முறையிலிருந்து தொடங்குவது.